லைசென்ஸ் வேண்டாத டிஜிட்டல் வாக்கி டாக்கி: தேர்ந்தெடுக்கும் முறை

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஏரி நிரம்பி நிற்கும்போது அதன் கரையைக் காப்பது கிராமத்தாரின் தலையாய கடமையாகும். கரையின் ஒரு கோடியில் மதகு. மறு கோடியில் கலங்கல். இடையே இரண்டு கிலோமீட்டர் தூரமும் இருக்கக்கூடும். ஓரிடத்தில் கசிவு காணப்பட்டால், அச்செய்தி மற்றோரிடத்திற்குச் சில நிமிடங்களுக்குள் எட்டியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நமது வட்டாரத்தில் ஒரு மழை இரவில் மின்சாரம் தடைப்பட்டது. சிறிது நேரத்தில் கைப்பேசிக் கோபுரமும் ஓய்ந்தது. கசிவைக் கண்ட நீர்க்கட்டி, இருளிலும் சேற்றிலும் ஓடிவந்து சொன்ன பின்னரே மணல் மூட்டைகள் புறப்பட்டன. கரை தப்பியது, ஆயினும் அது நமது முன்யோசனையால் தப்பியதன்று.

அடுத்த ஆண்டு அவ்வூர்ப் பஞ்சாயத்து ஆறு வாக்கி டாக்கிகளை வாங்கிற்று. நான்கு ஒரு வகை. விலை மலிவென்று பின்னர் வாங்கிய இரண்டும் வேறு வகை. எல்லாவற்றின் மீதும் ‘டிஜிட்டல்’ என்று எழுதியிருந்தமையால், அனுமதி வழங்கிய நாமும் அதற்குமேல் ஆராயவில்லை. ஒத்திகை நாளன்று அவ்விரண்டும் மற்ற நான்கோடு ஒரு சொல்லும் பேசவில்லை. நமது கவனக்குறைவால் நேர்ந்த இப்பிழை ஏனைய பஞ்சாயத்துகளிலும் நேராதிருக்கும் பொருட்டே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

லைசென்ஸ் விலக்கு எதற்கு?

வயர்லெஸ் கருவி அனைத்திற்கும் விலக்கு உண்டென எண்ணலாகாது. 2018 ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் வெளியிட்ட விதிகளின்படி, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்கும் குறைந்த திறனுள்ள கருவிகளுக்கே இவ்விலக்கு அளிக்கப்பட்டது. லைசென்ஸ் வேண்டாமெனினும், கருவியின் மாதிரிக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு வழங்கும் அங்கீகாரச் சான்று இருத்தல் வேண்டும். இதனைச் சுருக்கமாக ‘இ.டி.ஏ.’ என்பர். 2025 ஆம் ஆண்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வணிகத்திற்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கருவியின் அலைவரிசை, லைசென்ஸ் தேவையா என்பது, அங்கீகார விவரம் ஆகியவற்றை விற்போர் வெளிப்படையாகக் காட்ட வேண்டுமென்பது அவற்றின் கருத்து. ஆதலால் இம்மூன்றையும் கேட்டு எழுத்தில் பெறுவது வாங்குவோரின் உரிமையாகும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் அன்புடன் கொண்டுவரும் கருவிகள் பெரும்பாலும் 462, 467 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் இயங்குபவை. அங்கே அவற்றுக்கு லைசென்ஸ் வேண்டாமலிருக்கலாம். நம் நாட்டின் விலக்கு அவற்றைச் சாராது.

டிஜிட்டல் என்பதன் பொருள்

பழைய அனலாக் கருவி குரலை அப்படியே அலையின் மீது ஏற்றி அனுப்புகிறது. தூரம் கூடக்கூட இரைச்சலும் கூடும். எனினும் இரைச்சலுக்கிடையே சில சொற்கள் காதில் விழும். டிஜிட்டல் கருவியோ குரலை எண்களாக மாற்றி அனுப்புகிறது. வழியில் நேரும் சிறு பிழைகளைப் பெறும் கருவியே திருத்திக்கொள்ளும். ஆகவே குரல் எல்லை வரையில் தெளிவாகக் கேட்கும். எல்லையைக் கடந்ததும் சட்டென்று அறுந்துபோகும். ‘தூரம் போய்விட்டோம்’ என்னும் எச்சரிக்கை கிடைப்பது அரிது. கரைக் காவலுக்கு நிற்போர் இவ்வேற்றுமையை நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

இந்த அலைவரிசையின் அகலம் 200 கிலோஹெர்ட்ஸ். 12.5 கிலோஹெர்ட்ஸ் வீதம் பிரித்தால் 16 வழிகளும், 6.25 வீதம் பிரித்தால் 32 வழிகளும் கிடைக்கும். டிஜிட்டலில் டி.எம்.ஆர். என்னும் முறை முதல் அளவையும், டி.பி.எம்.ஆர். என்னும் முறை இரண்டாம் அளவையும் கையாளுகின்றன. ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியாது. நம் ஆறு கருவிகளுக்கு நேர்ந்த கதை இதுவே. நல்வாய்ப்பாக அவை யாவும் அனலாக் முறையிலும் இயங்கக் கூடியவை. எல்லாவற்றையும் அம்முறைக்கு மாற்றி, ஒரே வழி எண்ணையும் ஒரே ஒலிக்குறியீட்டையும் அமைத்த பின்னரே பேச்சு நடந்தது. இரு முறைகளிலும் இயங்கும் கருவியை விரும்பத்தக்கதென நாம் கூறுவதற்குக் காரணம் இவ்வனுபவமே.

டிஜிட்டல் என்றால் இரகசியம் என்று கருதுவாரும் உளர். குரலை மறைக்கும் வசதி தனியே இல்லாவிடில், அதே வகைக் கருவி வைத்திருப்பவர் கேட்கக்கூடும். அனலாக் கருவியின் ஒலிக்குறியீடும் பிறர் பேச்சு நம் காதில் விழாமல் தடுக்குமேயன்றி, நம் பேச்சைப் பிறரிடமிருந்து மறைக்காது.

எவ்வளவு தூரம்?

பெட்டியின் மீது அச்சிட்ட தூரத்தை நம்பி வாங்கலாகாது. இவ்வகைக் கருவியின் திறன் சுமார் அரை வாட். அதன் அலை ஏறக்குறைய விளக்கொளி போல நேராகச் செல்வது. உயர்ந்த கரையின்மேல் இருவர் நின்றால் சில கிலோமீட்டர் கேட்கலாம். ஒருவர் கரைக்குப் பின்னே இறங்கினாலோ, மழையில் நனைந்த தோப்பு குறுக்கிட்டாலோ ஒரு கிலோமீட்டருக்கும் குறையலாம்.

ஐந்து வாட் கருவியில் பத்து மடங்கு தூரம் கேட்குமன்றோ எனச் சிலர் வினவுவர். தடையற்ற வெளியிலும் மூன்று மடங்கே கூடும். வீடும் மரமும் நிறைந்த இடத்தில் அதுவும் கிட்டாது. மேலும் அத்தகைய கருவி லைசென்ஸ் விலக்குக்கு உட்பட்டதன்று. அதைவிட, கரையின் நடுவில் கருவியுடன் ஒருவரை நிறுத்திச் செய்தியைக் கைமாற்றச் செய்வது எளிது, செலவும் குறைவு.

வேலைக்கும் பொழுதுபோக்கிற்கும்

ஏரிக் காவல், தேர்த் திருவிழாவில் வடத்தின் முன்னிருப்போருக்கும் சக்கரத்திற்கு முட்டுக்கட்டை போடுவோருக்கும் இடையிலான பேச்சு ஆகியவை உயிரும் உடைமையும் சார்ந்தவை. இவற்றுக்கு ஒரே வகைக் கருவிகளையே வாங்க வேண்டும். மழையில் நிற்போர்க்கு ‘ஐ.பி. 67’ தரம் ஏற்றது. இது தூசு புகாமையையும், ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்குவதையும் குறிக்கும். கழற்றி மாற்றத்தக்க பாட்டரியும், ஒவ்வொரு கருவிக்கும் ஓர் உபரி பாட்டரியும் வேண்டும். பொத்தான்கள் நனைந்த கையால் இருளில் அழுத்தத்தக்க அளவு பெரியனவாக இருக்கட்டும்.

இளைஞர் மன்றத்தாரின் மலைப் பயணம், விளையாட்டு விழா, இரண்டு வண்டிகளில் செல்லும் சுற்றுலா ஆகியவற்றிற்கு எளிய அனலாக் கருவியே போதும். எடை குறைவும் விலை மலிவும் அங்கே சிறப்பு. டிஜிட்டலுக்காக அதிகம் செலவிடுவது அவசியமன்று.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

இரண்டு கருவிகளை மட்டும் முதலில் பெற்று, உங்கள் ஏரிக்கரையிலேயே சோதியுங்கள். ஒருவர் மதகில் நிற்க, மற்றவர் கலங்கல் வரை நடந்து, ஐம்பதடிக்கு ஒருமுறை எண்களைச் சொல்லட்டும். எங்கே குரல் அறுகிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் மழை நாளொன்றில் மறுபடியும் சோதியுங்கள். அதன் பிறகே மற்றக் கருவிகளுக்குப் பணம் ஒதுக்கும் தீர்மானத்தை நிறைவேற்றலாம். பின்னாளில் கூடுதலாக வாங்கும்போதும் அதே வகையையே கேளுங்கள்.

பழக்கமும் கருவியைப் போலவே முக்கியம். பொத்தானை அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசுக. இல்லையெனில் முதற் சொல் விழுந்துபோகும். யார், எங்கே, என்ன கண்டார், என்ன வேண்டும் என்ற நான்கையும் சுருங்கச் சொல்லுக. கேட்டவர் அதனைத் திருப்பிச் சொல்லட்டும். வாக்கி டாக்கியைக் கொண்டு அரசாங்க உதவியை நேரே அழைக்க இயலாது. ஆகையால் கைப்பேசி கிடைக்கும் இடத்தில் ஒருவரை நிறுத்தி, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணுக்கோ, அவசர உதவிக்கான 112 எண்ணுக்கோ செய்தி சொல்ல ஏற்பாடு செய்க.

அந்த ஊரில் இப்போது ஆவணி மாதத்திலேயே பாட்டரிகள் பார்க்கப்படுகின்றன. கரையில் ஒத்திகையும் நடைபெறுகிறது. நீர்க்கட்டி இனிச் சேற்றில் ஓட வேண்டியதில்லை. கசிவு கண்ட இடத்தை விட்டு நகராமலே மூட்டைகளை வரவழைக்க அவரால் இயலும். உங்கள் ஊர்க் கரையிலும் இவ்வேற்பாடு மழைக்கு முன்னரே முடிவுற வேண்டுமென்பது நமது விருப்பம்.