களையான முகம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கதையை இரண்டு முறை படித்தேன். அந்தப் பெண் பேருந்திலிருந்து இறங்கும் இடத்தில், ‘கறுப்பாக இருந்தாலும் களையான முகம்’ என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

எடுப்பான மூக்கு, அகன்ற நெற்றி என்று எழுதினால் ஓவியர் ஒருவர் அதை வரைந்துவிடலாம். ‘மூக்கும் முழியுமா இருக்கா’ என்று ஊரில் சொல்வதும் அமைப்பைத்தான். லட்சணம் என்ற சொல்லும் அந்தப் பக்கம்தான் சாயும். களை எந்த உறுப்பிலும் இல்லை. நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாளே ‘கல்யாணக் களை வந்துடுச்சு’ என்கிறார்கள். நேற்றிருந்த அதே மூக்கு, அதே கண். பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தால் முகம் களையிழந்து போகிறது. கொடியேறிவிட்டால் தெருவே களைகட்டுகிறது. வருவதும் போவதும்தான் அதன் இயல்பு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இந்தக் களையை வடமொழிக் ‘கலா’வோடு சேர்க்கிறது. நிலவின் 16 பங்கில் ஒன்றுக்கும் அதுதான் பெயர். வளர்வதும் தேய்வதும் இந்தச் சொல்லுக்குப் பிறவியிலேயே வந்தது என்று எனக்குத் தோன்றும். அதை நீ அடையாள அட்டைப் படம்போல அவள் முகத்தில் ஒட்டிவிட்டாய்.

அடுத்தது அந்த ‘இருந்தாலும்’. என் அக்காவைப் பெண் பார்த்துவிட்டுத் திண்ணையில் செருப்பு மாட்டும்போது வந்தவர்கள் இதே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். பாராட்டு என்றே நினைத்துச் சொன்னார்கள். கதவுக்குப் பின்னால் நின்ற அக்கா அதில் ‘இருந்தாலும்’ என்பதை மட்டும்தான் கேட்டாள். நிறத்தைக் குற்றமாக்கி, களையை அதற்குப் பரிகாரமாக்கும் சொல் அது. கதைக்குள் ஒரு பெரியம்மா அப்படிச் சொல்கிறாள் என்றால் தாராளமாக வைத்துக்கொள். அவள் யாரென்று வாசகருக்குத் தெரிந்துவிடும். கதை சொல்லும் குரல் உன்னுடையது. அது அந்தத் திண்ணையில் போய் உட்காரக் கூடாது.

களையான என்ற சொல்லை நான் வெறுக்கவில்லை. தமிழில் எனக்கு மிகப் பிடித்த சொற்களில் அது ஒன்று. அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

அந்த வரியை அடித்துவிடு. அவள் யாரைப் பார்க்க அந்த ஊரில் இறங்கினாள் என்பது உனக்குத் தெரியும். அந்த ஆளைக் கண்டதும் அவள் முகத்தில் என்ன மாறியது என்று எழுதி அனுப்பு. காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்