ஆயாவின் திருகாணி

வாழவந்தி,
ஞாயிறு இரவு

கண்ணு,

நீ தோடு போட்டுக்கொண்டு நிற்கிற போட்டோவை நானும் பார்த்தேன். உன் அப்பன் அதைப் பார்த்த நாளிலிருந்து சாப்பிடவில்லை, உபவாச ஜெபம் என்கிறான். எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. உன்னை நினைத்தால்தான் தூக்கம் பிடிக்கவில்லை.

அவன் சபைக்குப் போன வருஷம் நீ பிறக்கவில்லை. பூவும் பொட்டும் நகையும் பாவம் என்று ஆயா காதிலிருந்த கல்தோட்டைக் காணிக்கையாகக் கேட்டான். பெத்த மகன் கேக்கறானே என்று அவளே கழற்றிக் கொடுத்தாள். திருகாணி ஒன்று மட்டும் கட்டிலுக்கடியில் உருண்டு கிடந்தது. இன்னும் அரிசிப் பானைக்குள் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். சாகிறவரை அவள் தூர்ந்துபோன காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். அதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதுமில்லை. நீ காது குத்தியதற்கா நான் கோபிப்பேன்?

என் பயம் வேறு. படிப்பை விட்டுவிட்டு அந்தப் பையனோடு பெங்களூர் போகிறாயாமே.

எழுத்தாளர் சல்மாவைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். துவரங்குறிச்சியில் 13 வயதில் பள்ளியை நிறுத்தி வீட்டுக்குள் வைத்தார்கள். கல்யாணமான வீட்டிலும் எழுதக்கூடாது. ராத்திரி கழிவறைக்குள் நின்று எழுதி, தாளை ஒளித்து, புனைபெயரில் அச்சேற்றினார். 2001இல் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவர், 2004இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவல், 2025இல் மாநிலங்களவை உறுப்பினர். அவருக்குக் கிடைக்காத கல்லூரியில் நீ உட்கார்ந்திருக்கிறாய். இன்னும் இரண்டே செமஸ்டர்!

போவதும் இருப்பதும் உன் இஷ்டம், நான் தடுக்க மாட்டேன். ஆனால் இத்தனை நாள் அப்பனைக் கேட்டு நடந்தவள், நாளைக்கு அந்தப் பையனைக் கேட்டு நடக்கவா போகிறாய்? சொந்தச் சம்பளம் கைக்கு வராதவரை எந்த வீட்டிலும் நம் பேச்சு எடுபடாது கண்ணு. ஆயாவிடம் நாலு காசு இருந்திருந்தால் தோடு காதிலேயே இருந்திருக்கும். பையன் நல்லவனென்றால் ஒரு வருஷம் காத்திருக்கட்டும்.

ரொம்பப் பேசிவிட்டேன், கோபிக்காதே சாமி. ஃபீஸுக்கு அப்பனிடம் கேட்காதே, மிளகு விற்ற பணம் இருக்கிறது, நான் கட்டுகிறேன். காப்பி பூத்து மலையே மணக்கிறது, லீவுக்கு வந்துவிடு. 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டுவதற்குள் உனக்கு வாந்தி வரும், எலுமிச்சம்பழம் வைத்துக்கொள். நாட்டுக்கோழி அடித்து வைக்கிறேன். தோட்டைக் கழற்றாமல் வா, உன் அப்பனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அத்தை