குன்றின்மேல் ஒரு வீடு

திருவனந்தபுரத்திற்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் வர்க்கலை அமைந்துள்ளது. கேரளக் கடற்கரையின் பெரும்பகுதி தாழ்ந்த மணற்பரப்பாகும். வர்க்கலையிலோ பாபநாசம் கடற்கரையை ஒட்டிச் செந்நிறக் குன்று ஒன்று செங்குத்தாக எழுந்து நிற்கிறது.

அக்குன்றின் விளிம்பில் சொந்த நிலம் உடைய ஒருவர் வீடு கட்ட விரும்புகிறார் எனக் கொள்வோம். “இது என் முன்னோர் நிலம், வரியும் செலுத்துகிறேன். அலை எட்டாத உயரத்தில் கட்டுவதற்கு என்ன தடை?” என்று அவர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. அதற்குரிய விடை குன்றின் உள்ளே இருக்கிறது.

குன்றின் மேற்பகுதி செம்புரைக்கல்லால் ஆனது. கேரள மக்கள் அதனை வெட்டுக்கல் என்பர். நுண்துளைகள் நிறைந்த அக்கல்லின் கீழே மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காக உள்ளன. மேலிருந்து இறங்கும் மழைநீர், களிமண்ணை எளிதில் கடக்க இயலாமல் பக்கவாட்டில் ஊற்றாகக் கசிகிறது. கசியும் நீர் மண்ணை இளக்குகிறது; அலைகள் அடிவாரத்தை அரிக்கின்றன. தாங்கும் மண் அகன்றதும் மேற்பகுதி சரிகிறது. வீட்டின் பாரமும் கழிவுநீர்க் குழியிலிருந்து இறங்கும் நீரும் இச்சரிவை விரைவுபடுத்தும். சரியும் மண் ஒருவர் நிலத்தின் எல்லையோடு நிற்பதில்லை. கீழே மணலில் நடப்போர்மீதும் விழும்.

இத்தகைய கடலோர நிலங்களைக் காக்க 1991ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நடுவண் அரசு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. உயர் ஓதக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 500 மீட்டர் வரை அது கட்டுப்பாடு விதித்தது. ஆகவே உயரமான குன்றும் அவ்விதிக்கு உட்பட்டதே. பின்னர் 2011, 2019ஆம் ஆண்டுகளில் விதிகள் மாற்றி அமைக்கப்பட்டன.

விதியை மீறினால் நேர்வது யாது? கொச்சியை அடுத்த மரடில், ஊராட்சியின் அனுமதியை நம்பிக் காயலோரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. கடற்கரை மேலாண்மை ஆணையத்தின் ஒப்புதல் பெறப்படவில்லை. 2019 மே 8 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றை இடிக்க ஆணையிட்டது. 2020 ஜனவரி 11, 12 ஆகிய நாள்களில் நான்கு குடியிருப்புகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. ஒவ்வோர் உரிமையாளருக்கும் 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க நீதிமன்றம் பணித்தது. எனினும், அங்குக் குடியிருந்தோர் தம் வீட்டை இழந்தனர். அனுமதி அளித்தோரும் கட்டியோரும் செய்த பிழைக்கு, வாங்கியோரும் விலை கொடுத்தனர்.

நிலம் ஒருவருக்கு உரியதாகலாம். குன்று ஊருக்கே உரியது. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்.

சொற்பொருள்
செம்புரைக்கல் – நுண்துளைகள் உள்ள செந்நிறக் கல்
ஓதம் – கடல்நீர் ஏற்றம்
காயல் – கடலை ஒட்டிய உப்பங்கழி

வினாக்கள்
1. வர்க்கலைக் குன்று சரிவதற்குரிய காரணங்களை வரிசைப்படுத்தி எழுதுக.
2. பிரித்து எழுதுக: செந்நிறம், காயலோரம்.
3. நில உரிமையாளரின் கேள்விக்கு நீ ஊர்த்தலைவராக இருந்து விடை எழுதுக.