பெருநாட் செலவும் மாரிக்கால வருவாயும்

கிறிஸ்து பிறப்புப் பெருநாள் ஆண்டுதோறும் டிசம்பர் 25-ஆம் நாளிலேயே வருவது. எதிர்பாராது வந்து நம்மைத் திகைக்கச் செய்வதன்று. அங்ஙனமாகவும், தூத்துக்குடியில் அந்நாளுக்கு முந்திய வாரத்திலேயே கடைத்தெரு நிரம்புவதும், வீடுகளிற் கடன் பிறப்பதும் என்னை? இதனைச் சோம்பல் என்று கூறி ஒதுக்குவார் உளர். யாம் அவ்வாறு கருதுகின்றிலம்.

காரணம் இவ்வூர்த் தொழிலில் உள்ளது. உப்பு விளைவது வெயிலால். வடகிழக்குப் பருவமழை பாத்திகளை மூடிவிட, அக்டோபர் முதல் டிசம்பர் முடிய உப்பளத் தொழிலாளர்க்கு வேலை அரிது. அதுபற்றியே தமிழக அரசு 2022-இல் அவர்கட்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் அளிக்கத் தொடங்கிற்று. கடலிற் செல்வோர் வருவாயும் நிலையுடையதன்று. புயற்சின்னம் தோன்றின் படகுகள் கரையிலேயே நிற்கும். முற்காலத்து முத்துச் சலாபமும் இத்தகையதே. சிப்பி விளைந்த ஆண்டிற் செல்வம், விளையாத ஆண்டிற் சலாபமே இல்லை. 1961-க்குப் பின் அதுவும் நின்றது. ஆகவே, பணம் கைக்கு வருமுன் பொருள் வாங்குக என்று இவர்கட்கு உபதேசிப்பது பயனில் சொல்லாம்.

கடைசி வாரத்திலேதான் வாங்குதல் கூடும் எனின், எவ்வரிசையில் வாங்குவது என்பதே வினா. ஒரு குடும்பத்தின் கையில் 5,000 ரூபாய் உளது என்று கொள்வோம். முதற்கண் 1,500 ரூபாயை ஜனவரிக்கென எடுத்து வைத்தல் வேண்டும். பாத்தி சீர்செய்யும் வேலை அப்போது தொடங்கினும், நிறைந்த கூலி உப்பு வாரத் தொடங்கிய பின்னரே எல்லார்க்கும் கிட்டும். இத்தொகையைப் பெருநாளுக்குப் பின் எடுத்துவைக்கலாம் என்போர் ஒருநாளும் எடுத்துவைத்ததில்லை! எஞ்சிய 3,500-இல் பிள்ளைகளின் ஆடைக்கு 2,000. பெரியோர் சென்ற ஆண்டு ஆடையையே வெளுத்து உடுத்துப் பூசைக்குச் செல்வதில் இழுக்கு யாதுமில்லை. மிச்சம் 1,500-இல் கறியும் பலகாரமும் காணிக்கையும் அடங்கவேண்டும்.

முன்னரே சிறுகச் சிறுக மாவும் சர்க்கரையும் வாங்கிச் சேர்த்தால் நன்றன்றோ எனின், 2023-ஆம் ஆண்டை நினைவுகூர்க. அவ்வாண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. பெருநாளுக்கு ஒரு வாரமே இருந்த அவ்வேளையில் வெள்ளம் வீடுகளுட் புகுந்தது. தரையில் வைத்த மாவு மூட்டை என்னாகும் என்று சொல்ல வேண்டுவதில்லை. முன்னர்ச் சேர்க்கத்தக்கது பணமே, பண்டமன்று. அதனையும் நாடோறும் பத்து ரூபாயாக, வெயிற்காலத்திலேயே தொடங்குதல் வேண்டும்.

பலகாரத்திற் குறைப்பது மகளிர்க்கு மனத்தாங்கல் தரும். அண்டை வீட்டுக்கு வெறுந்தட்டு அனுப்பலாகாதன்றோ? மூன்று வீட்டார் ஓர் அடுப்பிற் கூடி, ஒரே எண்ணெயில் முறுக்கும் முந்திரிக்கொத்தும் சுட்டுப் பகிர்ந்துகொண்டால், எண்ணெயும் விறகும் பெரிதும் மிஞ்சும். நம்மூர் மக்ரூனோ முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் முந்திரியும் சேர்ந்த இலேசான பண்டம். சிறிது எடைக்கே பெட்டி நிரம்பும். விருந்தினர் நால்வர் வரின் கால் கிலோ போதும்.