நஞ்சு எச்சச் சோதனை: எந்த முறை எதைக் காட்டும்?

பெரணமல்லூர் பக்கத்தில் கத்தரி, வெண்டை பயிரிடும் சிறு விவசாயி ஒருவர், காயைச் சோதனைக்கு அனுப்பி, "நஞ்சு எச்சம் இல்லை" என்று சீட்டு வாங்கினால் அது போதுமா? போதாது. எந்த முறையில், எந்தெந்த மருந்துக்குச் சோதித்தார்கள் என்பதும் தெரிய வேண்டும்.

நொதிச் சோதனை: பாஸ்பரஸ் வகை, கார்பமேட் வகை மருந்துகள் பூச்சியின் நரம்பிலுள்ள ஒரு நொதியை முடக்குகின்றன. அந்த நொதியைக் காயின் சாற்றோடு சேர்த்து நிற மாற்றத்தைப் பார்ப்பது இம்முறை. செலவு குறைவு, முடிவு விரைவில் தெரியும். ஆனால் மருந்தின் பெயர் தெரியாது. சைபர்மெத்ரின், இமிடாகுளோப்ரிட் போன்றவை இதில் அகப்படா.

காஸ் குரோமடோகிராப்: சாற்றைச் சூட்டில் ஆவியாக்கி, நீண்ட மெல்லிய குழாயில் செலுத்துவர். ஒவ்வொரு மருந்தும் தனக்குரிய நேரத்தில் வெளிவரும். குளோர்பைரிபாஸ், சைபர்மெத்ரின் நன்கு தெரியும். சூட்டில் ஆவியாகாதவையும் சிதைபவையும் தப்பிவிடும்.

திரவ குரோமடோகிராப்: இதில் ஆவியாக்கத் தேவையில்லை. இமிடாகுளோப்ரிட், கார்பென்டாசிம் ஆகியவை பிடிபடும். நிறை நிறமாலைமானியும் இணைந்திருந்தால் 1 டன் காயில் 10 மில்லிகிராம் இருந்தாலும் காணலாம்.

திராட்சை தந்த பாடம்

நல்ல கருவி இருந்தும் ஏமாறலாம். 2010-ல் ஐரோப்பாவுக்குச் சென்ற இந்தியத் திராட்சை, கப்பலேறும் முன் சோதிக்கப்பட்டதுதான். ஆயினும் குளோர்மெக்வாட் குளோரைடு என்ற வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்து அங்கே கண்டுபிடிக்கப்பட்டுப் பழம் நிராகரிக்கப்பட்டது. அங்கு அனுமதித்த அளவு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் மட்டுமே. இங்கே சோதிக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் அதன் பெயரே இல்லை. உப்புத் தன்மையுள்ள அம்மருந்தைப் பிரித்தெடுக்கத் தனி முறையும் தேவை. தேடாததைக் கருவி காட்டாது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

அடித்த மருந்தின் பெயர், அளவு, தேதி ஆகியவற்றை நோட்டில் குறித்து வைத்து, ஆய்வகத்தில் அப்படியே சொல்ல வேண்டும். வயலின் பல இடங்களிலிருந்து குறைந்தது 10 காய்கள், மொத்தம் 1 கிலோவுக்குக் குறையாமல் பறித்து, கழுவாமல் சுத்தமான பையில் கட்டி, வாடுமுன் சேர்ப்பிக்க வேண்டும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இதற்கான ஆய்வகம் உள்ளது. கட்டணத்தை முன்கூட்டியே விசாரித்துக் கொள்வது நலம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்து டப்பாவில் குறித்துள்ள காத்திருப்பு நாட்கள் கழிந்த பிறகே காய் பறிக்க வேண்டும். எந்தச் சோதனையும் காயிலிருந்து நஞ்சை எடுத்துவிடாது.