ஆறு இறக்கையும் இருக்கிறதா?

அன்புள்ள தம்பிக்கு,

குளச்சல், முட்டம் பக்கம் ஃபைபர் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர்கள், கயிற்றை இழுத்து எஞ்சினை எழுப்பியதும் அதன் பின்புறத்தைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். அங்குள்ள சின்னத் துளையில் நீர் பீச்ச வேண்டும். யமஹாவோ சுசுகியோ, அவுட்போர்டு எஞ்சின் கடல்நீரை உறிஞ்சித்தான் தன் சூட்டைத் தணிக்கிறது. பீச்சல் மெலிந்தால் முதல் சந்தேகம் இம்பெல்லர் மேல்.

உள்ளங்கைக்குள் அடங்கும் ரப்பர் சக்கரம் அது. பெரும்பாலும் ஆறு இறக்கை. கியர் கேஸின் தலைப்பில், டிரைவ் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும். பம்ப் கிண்ணத்தின் நட்டநடுவில் ஷாஃப்ட் இராது, ஒருபுறம் ஒதுங்கியிருக்கும். அதனால் இறக்கைகள் ஒரு பக்கம் மடங்கி, மறுபக்கம் விரிந்து நீரை இழுத்துத் தள்ளுகின்றன. வேகம் கூடினால் இறக்கை நுனி சுவரை விட்டு விலகும். மையவிலக்கு விசையே நீரை ஏற்றும். தேய்ந்த இம்பெல்லர் வேகத்தில் ஒப்பேற்றிவிட்டு, மெதுவாக ஓடும்போது குட்டை உடைப்பது இதனால்தான்.

நீரில்லாமல் ஓட்டினால் கொஞ்ச நேரத்திலேயே ரப்பர் கருகும். கரையோர மணல் கிண்ணத்தையே சுரண்டிவிடும். ஆண்டுக்கு ஒருமுறையாவது திறந்து பார்ப்பது நல்லது.

முதலில் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்று. கியர் ராடின் இணைப்பை விடுவித்துவிட்டு, கியர் கேஸ் போல்ட்டுகளை எடு. சில மாடல்களில் ஒரு போல்ட், புரொப்பெல்லருக்கு மேலுள்ள டிரிம் டேபின் மறைவில் ஒளிந்திருக்கும். அதை மறந்து நெம்பினால் அலுமினியம் விரிசல் விடும். உப்பேறி இறுகிய போல்ட்டை முறுக்காதே. எண்ணெய் விட்டு ஊற வை.

கியர் கேஸை இறக்கி, பம்ப் மூடியைத் தூக்கியதும் பழைய இம்பெல்லரின் இறக்கைகளை எண்ணு. ஒன்று குறைந்தால் அந்தத் துண்டு மேலேறி, நீர்க்குழாயிலோ தெர்மோஸ்டாட் அருகிலோ அடைத்துக்கொண்டிருக்கும். அதைத் தேடி எடுக்காமல் புதியதை மாட்டினால் பணம் தண்ட‌ம். எஞ்சின் மறுபடியும் சூடேறும். அடித்தகட்டை நகத்தால் வருடிப் பார். வரிப்பள்ளம் தட்டுப்பட்டால் அதையும் மாற்று. கேஸ்கெட் எப்போதும் புதிதாகவே இருக்கட்டும்.

ஷாஃப்டில் உள்ள சின்னக் கீ கிரீஸில் ஒட்டி நிற்கும்படி வைத்து, புது இம்பெல்லரை அதில் இறக்கு. கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, ஷாஃப்டை மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகத் திருப்பிக்கொண்டே மூடியை அழுத்து. இறக்கைகள் சரியான பக்கம் மடங்கும். அதன்பின் ஷாஃப்டை எதிர்ப்புறம் திருப்பக் கூடாது. ஷாஃப்டின் பல்வரிக்குக் கிரீஸ் போடு, உச்சிமுகத்தில் மட்டும் வேண்டாம்; அங்கே அடைபடும் கிரீஸ் கியர் கேஸை முழுதாக மேலேற விடாது. நீர்க்குழாய் அதன் ரப்பர் வாயில் நுழைந்ததா என்று பார்த்துவிட்டு போல்ட்டை இறுக்கு.

கடலுக்குப் போகுமுன் டிரம்மில் நீர் நிரப்பி ஓட்டிப் பார். ஒரு நிமிடத்துக்குள் பீச்சல் வராவிட்டால் உடனே அணைத்துவிட்டு, முதலில் அந்தச் சின்னத் துளையில் மெல்லிய கம்பியை விட்டுப் பார்; உப்போ மணலோ அடைத்திருக்கலாம். துளை சுத்தமாக இருந்தால் கியர் கேஸை மறுபடி இறக்கத்தான் வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்