சுரங்க ஊர் பசுமை ஆகுமா?

கோலார் தங்க வயலில் 1880 முதல் நூற்றிருபது ஆண்டு தங்கம் எடுத்தார்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. சுரங்கத்தின் தூள் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை.

அது என்ன தூள்?

பாறையை மாவு போல அரைத்தார்கள். சயனைடு கலந்த நீரால் தங்கத்தைப் பிரித்தார்கள். மிச்சத் தூளைக் குவித்தார்கள். அதுவே சயனைடு மேடு. இப்படி 13 மேடுகள் உள்ளன. அவை 1,000 ஏக்கருக்கு மேல் பரவியுள்ளன.

காற்று அடித்தால் தூள் பறக்கிறது. சோற்றுப் பானையிலும் துவைத்த துணியிலும் படிகிறது. மூச்சோடு உள்ளே போகிறது.

மேட்டில் செடி எளிதில் வளர்வதில்லை. ஏன்? அது மண் அல்ல, பாறைத் தூள். அதில் மட்கு இல்லை.

சுரங்கத்தால் கெட்ட இடம் திருந்துமா?

திருந்தும். ஜெர்மனி நாட்டில் ரூர் என்ற பகுதி உண்டு. அது நிலக்கரிச் சுரங்கப் பகுதி. அங்கே எம்ஷர் என்ற ஆறு ஓடுகிறது. நூறு ஆண்டுக்கு மேல் அந்த ஆறு சாக்கடையாகவே இருந்தது.

ஏன்? கீழே சுரங்கம் தோண்டினால் மேலே நிலம் அமிழும். மண்ணுக்குள் போட்ட குழாய் உடையும். அதனால் கழிவு நீரை ஆற்றிலேயே விட்டார்கள்.

பிறகு சுரங்க வேலை அங்கிருந்து விலகியது. நிலம் அமிழ்வது நின்றது. 1992-ல் ஆற்றைத் திருத்தும் வேலை தொடங்கியது. 400 கிலோமீட்டருக்கு மேல் நிலத்தடிக் குழாய் போட்டார்கள். ஆற்றின் கான்கிரீட் கரையை எடுத்தார்கள். 2021 முடிவில் சாக்கடை கலப்பது நின்றது.

தும்பி வந்தது. மீன் வந்தது. மீனைத் தேடி மீன்கொத்தி வந்தது. சுரங்கத்துக் கழிவுக் கல் மேடுகளிலும் மண் போட்டு மரம் நட்டார்கள்.

முதலில் கெடுதலை நிறுத்தினார்கள். பிறகு உயிர்கள் தாமே திரும்பின.

நம் ஊரில்?

2024-ல் கர்நாடக அமைச்சரவை ஒரு முடிவு எடுத்தது. 13 மேடுகளிலும் மிச்சமுள்ள தங்கத்தை எடுக்க ஒப்புதல் தந்தது. மேட்டைக் கிளறினால் தூள் எழும். தங்கம் எடுத்த பின்னும் தூள் மிஞ்சும். அதை மூட வேண்டும். மண் பரப்பி, எரு இட வேண்டும். முதலில் புல், பிறகு புங்கமும் வேம்பும் வளர்க்கலாம்.

இதை யார் செய்வார்கள்? வேலை தொடங்கும் முன்பே நாம் கேட்க வேண்டும். கூட்டத்தில் கேட்கலாம். மனு எழுதியும் கேட்கலாம். இப்போது நமக்கு எழுதத் தெரியுமே!

பேசிப் பார்ப்போம்

1. மேட்டில் செடி ஏன் எளிதில் வளர்வதில்லை?
2. எம்ஷர் ஆற்றில் முதலில் எதை நிறுத்தினார்கள்?
3. உங்கள் தெருவில் தூள் அதிகம் பறக்கும் மாதம் எது?
4. நகரசபைக்கு நான்கு வரியில் ஒரு மனு எழுதுங்கள்.